டெய்லி ஃப்ரெஷ் சார்!

குடும்பப் பத்திரிகையில் பியரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டு வரப்போகும் கடிதங்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். எழுதலாம். கல்யாண வீடுகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மாமாக்களும் மச்சான்களும் லாட்ஜ் ரூமுக்குள் என்ன செய்கிறார்கள் என்பது குடும்பத்துக்குத் தெரியாத ரகசியம் இல்லை. தெரியாத மாதிரி எல்லோரும் இருக்கிறோம், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு வேலையாக பெங்களூரு போயிருந்தேன். என்னோடு பி.காம். படித்த நண்பன் அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். "வாடா, நல்ல ஐ.பி.ஏ. ஒண்ணு குடிக்கலாம்" என்று சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் போனான். ஐ.பி.ஏ. என்றால் இந்தியா பேல் ஏல். கடையிலேயே காய்ச்சி, கடையிலேயே விற்கிற மைக்ரோ ப்ரூவரி. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளவென்று ஆளுயர அண்டாக்கள். உட்கார இடம் கிடைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

மெனு கார்டு கல்யாணப் பத்திரிகை கனத்தில் இருந்தது. ஐ.பி.ஏ.வுக்கென்று தனிப் பக்கம். ஒரு பாய்மரக் கப்பல், ஒரு யானை, தலைப்பாகை கட்டிய ஒரு சிப்பாய். கீழே சரித்திரம். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பியரெல்லாம் வழியிலேயே புளித்துக் கெட்டதாம். லண்டனில் ஹாட்சன் என்பவர் கூடுதலாக ஹாப்ஸ் போட்டு, ஆல்கஹாலையும் ஏற்றி, கெடாத பியரைக் கண்டுபிடித்தாராம். நமக்காகப் பிறந்த பியராம். அதற்கும் கீழே 'கிரேப்ஃப்ரூட், பைன், மேங்கோ' என்று மூன்று வார்த்தை. அப்புறம் விலை. நானூற்று இருபத்தைந்து, வரி தனி.

எவ்வளவு மில்லி? போடவில்லை. ஆல்கஹால் எத்தனை சதவிகிதம்? போடவில்லை. எப்போது காய்ச்சியது? மூச்.

சர்வர் வந்தார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு அவரும் தமிழுக்கு மாறினார். தர்மபுரிப் பக்கமாம்.

"ஐ.பி.ஏ. வேணாம் சார். ரொம்ப பிட்டரா இருக்கும். மேங்கோ பியர் குடுக்கட்டுங்களா? அதான் மூவிங்."

"இல்ல தம்பி, ஐ.பி.ஏ.வே குடுங்க. எப்ப போட்டது?"

"ஃப்ரெஷ் சார்."

"ஃப்ரெஷ்னா எந்தத் தேதி?"

"டெய்லி ஃப்ரெஷ் சார்!"

இட்லி மாவு ஒரு ராத்திரியில் புளிக்கும். ஏல் அப்படி இல்லை. முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடிகட்டி, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, அது வேலை பார்த்து அடங்கி, கிளாஸுக்கு வருவதற்கு இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். டெய்லி ஃப்ரெஷ்ஷாக பியர் போட ஆண்டவனால்கூட முடியாது. சர்வர் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்கிறார்.

கிளாஸ் வந்தது. ஃப்ரீஸரில் வைத்து எடுத்த கிளாஸ். வெளியே பனி படர்ந்து, உள்ளே என்ன நிறம் என்றே தெரியவில்லை. நம் ஊரில் பியருக்கு ஒரே ஒரு பரீட்சைதான்: சில்லுனு இருக்கா? அந்தப் பரீட்சையில் இது நூற்றுக்கு நூறு. ஆனால் அந்தக் குளிரில் மணம் மேலே எழும்பாது. நாக்கும் மரத்துப் போகும். முந்தாநாள் சாம்பாரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுப்பில் வைத்த பிறகுதான் அதன் யோக்கியதை தெரியும். பத்து நிமிஷம் கிளாஸைத் தொடாமல் வைத்தேன். நண்பன் அதற்குள் பாதி முடித்துவிட்டு, "என்னடா, தியானமா?" என்றான்.

பனி விலகியதும் பார்த்தேன். தேன் நிறம். கொஞ்சம் கலங்கல். கலங்கல் தப்பே இல்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 'ஹெடி டாப்பர்' என்று ஒரு பியரை 2004-ல் முதலில் காய்ச்சினார்கள். அதற்குப் பிறகு கலங்கலான ஐ.பி.ஏ. ஒரு தனி ஜாதியாகவே ஆகிவிட்டது. நுரையும் பரவாயில்லை. கிளாஸை ஒரு சுழற்று சுழற்றி மூக்கைக் கிட்டே கொண்டு போனேன்.

பாப்கார்ன்! தியேட்டர் இடைவேளையில் வருமே, அந்த உருகிய வெண்ணெய் வாசம். அதற்குப் பின்னால் இன்னொன்று. மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி. கிரேப்ஃப்ரூட்டும் இல்லை, பைனும் இல்லை. மெனு கார்டில் இருந்த யானையும் சிப்பாயும் எங்கே போனார்களோ, அங்கேயே போய்விட்டன.

இந்த இரண்டு வாசனைக்கும் ரசாயனத்தில் பெயர் உண்டு. வெண்ணெய் வாசத்துக்குக் காரணம் டயாசிட்டைல். ஈஸ்ட் தன் வேலையை முழுசாக முடிப்பதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்தால் அது தங்கிவிடும். அட்டைப்பெட்டி வாசம் என்றால் பியரில் காற்று புகுந்து பழசாகிவிட்டது என்று அர்த்தம். ஆக, இந்த பியர் அவசரமாகப் பிறந்திருக்கிறது, மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்தச் சரித்திரத்துக்கு வருகிறேன். கணக்குப் படித்தவன் என்பதால் எனக்கு யானையைவிட பில் புத்தகத்தில்தான் நம்பிக்கை.

ஹாட்சன் நிஜம். ஜார்ஜ் ஹாட்சன் லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் 1752-ல் பியர் காய்ச்சத் தொடங்கினார். ஆனால் அவர் எதையும் கண்டுபிடித்ததற்கு ஆதாரம் இல்லை. மார்ட்டின் கார்னெல் என்ற பிரிட்டிஷ் பியர் வரலாற்றாசிரியர் பழைய பத்திரிகைகளையும் கணக்குகளையும் தோண்டி இதை விலாவாரியாக எழுதியிருக்கிறார். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியருக்கு ஹாப்ஸ் கூடுதலாகப் போடு என்று காய்ச்சுபவர்களுக்கு 1760களிலேயே அறிவுரை இருந்தது. போர்ட்டர் என்ற கறுப்பு பியரும் அதே கடல் தாண்டி இந்தியாவுக்கு நன்றாகவே வந்து சேர்ந்தது. கும்பெனியின் சாதா வெள்ளைச் சிப்பாய் குடித்தது பெரும்பாலும் அந்தப் போர்ட்டரையும் நம் ஊர்ப் பட்டைச் சாராயத்தையும்தான். பேல் ஏல் ஆபீசர்களுக்கும் கலெக்டர் வகையறாக்களுக்கும். ஆல்கஹாலிலும் அது அந்தக் காலத்துக்கு ஒன்றும் பெரிய பயில்வான் இல்லை.

அப்படியானால் ஹாட்சன் எப்படி ஜெயித்தார்? இரண்டே காரணம். ஒன்று, அவருடைய கடை கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்கள் நிற்கும் ப்ளாக்வாலுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு, கடன் கொடுத்தார். பதினெட்டு மாதம் வரைக்கும் கடன்! கப்பல் கேப்டன்கள் சொந்தக் கணக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்திருந்தது. இங்கிருந்து திரும்பும்போதுதான் துணி, மிளகு, அவுரி என்று கப்பல் நிரம்பி வழியும். அங்கிருந்து வரும்போது இடம் நிறைய. பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமானோடு பியரையும் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு வந்து கல்கத்தாவிலும் மதராஸிலும் பம்பாயிலும் விற்றார்கள். விற்று, ஊர் திரும்பி, ஹாட்சனுக்குக் காசு. கேப்டன்களுக்கு முதல் போடாத வியாபாரம். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பிறகு ஹாட்சன் குடும்பத்து அடுத்த தலைமுறைக்குப் பேராசை வந்தது. 1820களில் கடனை நிறுத்தி, விலையை ஏற்றி, தாங்களே கப்பலேற்றி விற்கப் பார்த்தார்கள். அதே சமயம் பர்ட்டன் என்ற ஊரில் பியர் காய்ச்சிய ஆல்சாப்புக்கு ரஷ்ய வியாபாரம் அங்கே ஏறிய சுங்க வரியால் படுத்துவிட்டது. கம்பெனி டைரக்டர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, ஹாட்சன் பியர் பாட்டிலைக் காட்டி, "இதை மாதிரி உம்மால் முடியுமா?" என்று கேட்டாராம். ஆல்சாப்பின் ஆள் ஒரு டீ கெட்டிலில் முதல் மாதிரியைக் காய்ச்சினார் என்று சொல்வார்கள். (கெட்டில் கதையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கதை நன்றாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும்.) பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு சுத்தமாக, வெட்டினாற்போல் நிற்கும். ஆல்சாப்பும் பாஸும் கொஞ்ச வருஷத்தில் ஹாட்சனை ஓரங்கட்டிவிட்டார்கள்.

இதில் எங்கே சார் சாகசம்? கடன் தவணை, காலி இடம், சுங்க வரி, தண்ணீர். சுத்தமான காமர்ஸ் பாடம். ஒரு விசேஷம் சொல்லட்டுமா? 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் முதலில் தென்படுவது இந்தியாவிலும் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை. 1829-ல் ஆஸ்திரேலியாவில், சிட்னி பத்திரிகை ஒன்றின் விளம்பரத்தில்.

மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலாப் படகுதான் அலையில் போய்ச் சரக்கை இறக்கும். பீப்பாயை இறக்கி உருட்டியவன் நம்ம ஆள். குடித்தவன் அவன் இல்லை. பியரைக் குளிரவைக்க வெடியுப்புக் கரைத்த தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றவனும் நம்ம ஆள். அப்புறம் அமெரிக்காவிலிருந்தே ஐஸ் கப்பலில் வந்தது. அதை வைக்க 1842-ல் கட்டியதுதான் மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். இன்றைக்கும் அந்தப் பேட்டையை ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறோம். இந்தியாவின் பெயரை வைத்துக்கொண்ட பியரில் இந்தியாவின் பங்கு இவ்வளவுதான். அதை இன்றைக்கு யானைப் படம் போட்டு, "நமக்காகப் பிறந்தது" என்று நம்மிடமே நானூற்று இருபத்தைந்து ரூபாய்க்கு விற்கிறார்கள். பழைய பெருமையாவது உண்மையாக இருந்தால் தேவலை.

கதை எழுத இடம் இருந்தது, தேதி எழுத இடம் இல்லை. என் கோபம் இதுதான்.

ஏனென்றால் ஐ.பி.ஏ.வில் தேதிதான் விஷயமே. அன்றைக்குக் கப்பலில் வந்தது மாதக்கணக்கில் மரப் பீப்பாயில் குலுங்கி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, கசப்பு அடங்கிப் பக்குவமாகி வந்தது. இன்றைக்கு நாம் குடிப்பது வேறு பியர், வேறு கணக்கு. அமெரிக்காவில் 1972-ல் 'கேஸ்கேட்' என்ற புது ரக ஹாப்ஸ் வெளியானது. 1975-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் கம்பெனி அதை வைத்து 'லிபர்ட்டி ஏல்' காய்ச்சியது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஐ.பி.ஏ. இதன் உயிர் மணத்தில் இருக்கிறது. மிளகை ரசத்தோடு கொதிக்கவிடலாம். கொத்தமல்லியை இறக்கும்போதுதான் போட வேண்டும், இல்லையா? ஹாப்ஸும் அப்படித்தான். முதலில் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு கிடைக்கும். கடைசியில், ஆறிய பிறகு போட்டால்தான் மணம். அந்த மணம் பறந்துவிடும் சரக்கு. வாரங்கள் போகப் போக வடியும். கலிபோர்னியாவில் ஸ்டோன் என்ற கம்பெனி 2012-ல் ஒரு ஐ.பி.ஏ. வெளியிட்டது. எந்தத் தேதிக்குள் குடித்துவிட வேண்டும் என்பதையே அந்த பியருக்குப் பெயராக வைத்தது! அங்கே தேதிதான் பிராண்டு. இங்கே "டெய்லி ஃப்ரெஷ்."

பாக்கெட் பாலில் தேதி பார்க்கிறோம். பிரெட்டில் பார்க்கிறோம். பாட்டில் பியரில்கூட மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். குழாயில் வருவதற்கு மட்டும் ஏன் ஜாதகம் கிடையாது?

*

நான் கிளாஸை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்ததை யாரோ உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கலாம். அவர்தான் காய்ச்சுபவராம். சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். நான் மெதுவாக, "வெண்ணெய் வாசம் வருதும்மா. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசமும்" என்று சொன்னதும் தோள் தளர்ந்தது. என் கிளாஸையே வாங்கி மோந்து பார்த்தார். பொய் சொல்லவில்லை.

"ஐ.பி.எல். ஆரம்பிக்கிற வாரம் சார். டேங்க் காலி பண்ணணும்னு அவசரப்படுத்தினாங்க. இன்னும் மூணு நாள் விட்டிருந்தா வெண்ணெய் போயிருக்கும். திறந்து ஆறு வாரம் ஆச்சு. ஐ.பி.ஏ. மூவ் ஆக மாட்டேங்குது. இந்தியன் பேலட்டுக்கு பிட்டர் பிடிக்காது, குறைன்னு ஓனர் சொல்றார். அடுத்த பேட்ச்ல பாதி ஹாப்ஸ்தான்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுப்பார்கள், தேங்கும் சரக்கு என்று. கசக்கும், வேண்டாம் என்று சர்வர் திருப்பி அனுப்புகிறார். அதனால் சரக்கு தேங்குகிறது. தேங்கியதால் பழசாகிறது. பழசானதைக் குடித்தவன் முகம் சுளிக்கிறான். உடனே முடிவு: இந்தியனுக்குக் கசப்பு பிடிக்காது! தேங்கியது உங்கள் கிடங்கில். பழி எங்கள் நாக்கின் மேலா?

கசப்பு பிடிக்காதாம். யாருக்கு? வேப்பம்பூ ரசத்துக்கு இரண்டாவது கரண்டி கேட்கிற கூட்டத்துக்கா? சுண்டைக்காய் வற்றலை நெய்ச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கா? பாகற்காய்ப் பிட்லை, அகத்திக்கீரை, நார்த்தங்காய் ஊறுகாய், சிக்கரி போட்ட டிகாக்‌ஷன் என்று விடிந்ததிலிருந்து கசப்போடு குடித்தனம் நடத்துகிற ஜனங்களுக்கா? வருஷப் பிறப்பன்று முதல் வாயே மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி. இந்தக் கடை இருக்கும் பெங்களூரிலேயே யுகாதி அன்று வேப்பிலையும் வெல்லமும் தராத வீடு எத்தனை? உலகத்தில் கசப்பை வேலை வாங்கத் தெரிந்த சமையல்களில் நம்முடையது ஒன்று. நம்மிடம் வந்து மாம்பழச் சாறு கலந்து கொடுத்துவிட்டு, "உங்கள் நாக்குக்கு இதுதான்" என்பது விற்கிறவரின் சோம்பேறித்தனம். வேறொன்றும் இல்லை.

நமக்குக் கசப்பிலேயே நல்லது, கெட்டது தெரியும். மொறுமொறுவென்று வறுத்த பாகற்காய் ஒரு கசப்பு. வந்து, இருந்து, போய்விடும். அடிப்பிடித்த வெங்காயம் ஒரு கசப்பு, தொண்டையிலேயே குடியிருக்கும். நல்ல ஐ.பி.ஏ. முதல் வகை. இந்த கிளாஸில் இருந்தது இரண்டாவது.

ஐ.பி.யு. என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு லிட்டரில் கசப்புப் பொருள் சுமார் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. அமெரிக்க ஐ.பி.ஏ. என்றால் நாற்பதிலிருந்து எழுபது என்று அமெரிக்கப் போட்டி விதிப் புத்தகம் சொல்கிறது. அந்த எண்ணை வைத்தும் பயப்பட வேண்டியதில்லை. பிட்லையில் எத்தனை பாகற்காய் போட்டாய் என்பது மட்டும் கேள்வி இல்லையே? புளி எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, தேங்காய் எவ்வளவு? பியரிலும் பார்லியின் இனிப்புதான் கசப்பைத் தாங்கிப் பிடிக்கும்.

'கிரேப்ஃப்ரூட், பைன்' விவகாரமும் இதே ரகம்தான். அந்தக் கடையில் இருந்த இருநூறு பேரில் எத்தனை பேர் கிரேப்ஃப்ரூட்டை உரித்துத் தின்றிருப்பார்கள்? அமெரிக்காக்காரன் தன் வீட்டுப் பழத்தைச் சொன்னான், நியாயம். நாம் ஏன் அவன் வீட்டுப் பழத்தை மனப்பாடம் செய்ய வேண்டும்? கிரேப்ஃப்ரூட்டுக்குத் தாய்வழிச் சொந்தம் நம்ம பம்ப்ளிமாஸ். தோலை விரலால் கீறினால் கண்ணில் பீய்ச்சுமே, அந்த வாசனை. பைனுக்குப் பதில் சாம்பிராணி டப்பாவைத் திறந்தால் வருவதைச் சொல்லலாம். மாங்காய்க் காம்பைக் கிள்ளினால் வடிகிற பாலின் வாசனைக்கும் ஹாப்ஸுக்கும் நிஜமாகவே உறவு உண்டு. இரண்டிலும் மைர்சீன் என்ற ஒரே பொருள் இருக்கிறது. இதையெல்லாம் மோந்து வளர்ந்த மூக்கு நம்முடையது. மெனு கார்டைப் பார்த்து எழுதாமல் சொந்த மூக்கை நம்பினாலே, ஆறு வார பியரை யாரும் நம்மிடம் தள்ள முடியாது.

அடுத்த மேஜையில் ஒரு இளைஞர். முகத்துக்கு நேரே வட்ட விளக்கு, எதிரே போன். என்னிடம் வந்த அதே ஐ.பி.ஏ., அதே உறைந்த கிளாஸ். ஒரு வாய். கண்ணை மூடித் திறந்தார். "ட்ராப்பிகல்! க்ரிஸ்ப்! ஐந்துக்கு நாலரை!" மேனேஜர் பக்கத்திலேயே நின்று கைதட்டினார். பில் வரவில்லை. வராது.

ஒரு கம்பெனியைத் தணிக்கை செய்கிற ஆடிட்டர் அந்தக் கம்பெனி முதலாளி வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அதற்கு என்ன பெயர்? மார்க் போடுவதற்கு நான் எதிரி இல்லை. நிஜமான பியர் போட்டிகளில் ஐம்பதுக்கு மார்க் போடுவார்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் விதத்துக்கு 5, மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. கூட்டிப் பாருங்கள், டேலி ஆகும். ஆனால் அங்கே எந்த கிளாஸ் யாருடையது என்று நடுவருக்குத் தெரியாது. ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம் எழுத வேண்டும். தோற்றத்துக்கு மூன்றே மார்க்தான் என்பதையும் கவனியுங்கள். வட்ட விளக்கில் தெரிவது அந்த மூன்று மார்க்தான்.

என் தாளில் அந்த ஐ.பி.ஏ.வுக்கு: மணம் 3, தோற்றம் 2, சுவை 7, வாயில் நிற்பது 3, மொத்தம் எப்படி 3. ஐம்பதுக்குப் பதினெட்டு. நான் படித்த காலேஜில் இது அரியர்ஸ்.

*

இத்தனை ரசனை எதற்கு, குடி குடிதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் அலட்சியம் செய்ய முடியாது. என் பெரியப்பா பையன் நாற்பத்தொரு வயதில் கல்லீரல் போய்ச் செத்தான். கடைசி வரைக்கும் அவனுக்குத் தான் குடித்ததன் விலை தெரியும். வேறு எதுவும் தெரியாது. ருசி பார்த்துக் குடித்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது. கிராஃப்ட் பியரில் இருப்பதும் அதே எத்தனால்தான். கண்ணாடி அண்டாவும் யானைப் படமும் கல்லீரலுக்குத் தெரியாது.

அதனால்தான் அந்த மெனு கார்டு மேல் எனக்கு இன்னொரு கோபம். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், ஆல்கஹால் எவ்வளவு? ஆறரை சதவிகிதம். கிளாஸ்? அரை லிட்டர். ('பைன்ட்' என்று எழுதியிருந்தார்கள். அது ஒரு கடையில் 330 மில்லி, இன்னொரு கடையில் 500, இங்கிலாந்தில் 568. நல்ல அளவை!) நாப்கினில் கணக்குப் போட்டேன். 500 மில்லியில் ஆறரை சதவிகிதம் என்றால் 32.5 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர் விஸ்கி 42.8 சதவிகிதம், ஒரு லார்ஜ் அறுபது மில்லி. அதில் 25.7 மில்லி. அதாவது ஒரு கிளாஸ் ஐ.பி.ஏ. ஒரு லார்ஜைவிடப் பெரிசு. இரண்டு கிளாஸ், இரண்டரை லார்ஜ்.

என் நண்பன் இரண்டாவது கிளாஸை முடித்துவிட்டுக் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். விஸ்கி என்றால் காரை எடுக்க மாட்டான். அவ்வளவு பொறுப்பானவன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. "பியர்தானேடா" என்றான். நாப்கினைக் காட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். தப்புக் கண்டுபிடிக்கத்தான். சட்டப்படி நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவுக்குப் போன் போட்டான். ஒரே ஒரு எண், 6.5, அந்த கனமான அட்டையில் எங்காவது இருந்திருந்தால் இந்தக் கணக்கை அவனே முதல் கிளாஸுக்கு முன்னால் போட்டிருப்பான். அவனும் என்னோடு பி.காம். பாஸானவன்தானே? எண் இல்லாததால் கணக்கு இல்லை. எத்தனை மேஜையில் அன்றைக்குக் கார் சாவி இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

எங்கள் ஊரைப் பற்றிப் பேசி யோக்கியன் வேஷம் போட முடியாது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறைக் கடை மொத்தமும் அரசாங்கத்தின் கையில். அங்கே யாரும் "எது நல்லா இருக்கும்?" என்று கேட்பதில்லை. "என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீட்டுவதை வாங்கிக்கொண்டு வருகிற பழக்கம் நமக்கு. அந்தப் பழக்கத்தோடுதான் பெங்களூரு போய், மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தும், நீட்டியதைக் குடித்துவிட்டு வருகிறோம். அங்கே கம்பி இல்லை. கேட்கலாம். தேதி கேட்கலாம், சதவிகிதம் கேட்கலாம், மில்லி கேட்கலாம். குளிரை எடுத்துவிட்டுக் கொடு என்று கேட்கலாம். முதலில் ஒரு வாய் ருசி பார்க்கக் கொடு என்று கேட்கலாம். பல இடங்களில் சின்ன கிளாஸில் கொடுக்கிறார்கள். நன்றாக இல்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். ஊசிப்போன வடையைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, நானூற்று இருபத்தைந்து ரூபாய் கிளாஸைத் திருப்ப என்ன கூச்சம்? இங்கிலீஷ் மெனு என்பதாலா?

நான் திருப்பினேன். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன கிளாஸ். விற்பனைக்கு இல்லையாம். பத்து நாளைக்கு முன்னால் அடங்கிய சோதனை பேட்ச், ஹாப்ஸை அவர் இஷ்டத்துக்குப் போட்டதாம். உறையாத கிளாஸ். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போகும் முன்பே பம்ப்ளிமாஸ் தோல். பின்னாலேயே மாங்காய்க் காம்பு. கசப்பு வந்தது, நிமிர்ந்து நின்றது, போனது. ஓரத்தில் ஒரு துளி வெங்காய வாசம் இருந்தது, அதையும் சொன்னேன். "தெரியும் சார், அந்த ஹாப்ஸோட குணம் அது" என்றார். முப்பத்தெட்டு போடுவேன். ஓனர் குறைக்கச் சொன்னது இதைத்தான்.

"இதை ஏம்மா விக்கல?"

"பிட்டர் பிடிக்காதுங்கறாங்களே சார்."

தர்மபுரித் தம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "நீங்க பாகக்கா சாப்பிடுவீங்களா தம்பி?" என்று கேட்டேன். "எங்கம்மா வறுத்தா ரெண்டு தட்டு சார்" என்றார்.

குழாய்களுக்கு மேலே ஒரு கரும்பலகை இருந்தது. பியர் பெயர்களைக் கலர் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாரோ, ஸ்டூல் போட்டு ஏறி, ஐ.பி.ஏ.வுக்கு எதிரே அது திறந்த தேதியை எழுதினார். பக்கத்தில் 6.5 என்றும் எழுதினார். இரண்டு மேஜைகளில் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மேனேஜர் ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார். பில் வந்தது. அதில் தேதி, மணி, நிமிஷம் வரைக்கும் இருந்தது.